பின்பக்கத்தில் ஒரு பெயர்

பிரான்ஸின் நடுவே ஒரு சிற்றூரில் ஐந்து நூற்றாண்டுகளாகக் கம்பளி நூலால் சித்திரம் நெய்கிறார்கள். அங்கே ஒரு வாரம் கூடிய பல நாட்டு நெசவாளர்களை விடாமல் துரத்தியது ஒரு பழைய கேள்வி: வரைந்தவர் பெயர் நிலைக்கிறது, நெய்தவர் பெயர் எங்கே போகிறது?

எந்த நாட்டு நெசவாளியின் கையிலாவது ஒரு துணியைக் கொடுத்துப் பாருங்கள். முதல் காரியமாக அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கம் வாங்குகிறவருக்கு. எந்த நூல் எங்கே முடிந்தது, முடிச்சு எங்கே விழுந்தது, கை எந்த இடத்தில் தயங்கியது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறது. இந்தப் பழக்கத்தைத் தொழில் முறையாகவே ஆக்கிவிட்ட ஊர் ஓபுஸோன். அங்கே நெசவாளி வேலை செய்வதே சித்திரத்தின் பின்பக்கத்தில் இருந்துதான். மாதக்கணக்கில் நெய்தாலும், தறியிலிருந்து துணியை அறுத்து இறக்கும் நாள்வரை அதன் முகத்தை அவர் முழுசாகப் பார்க்க முடியாது.

பாரிஸிலிருந்து தெற்கே ஏறக்குறைய 400 கி.மீ. லா சூட்டரேன் வரை ரயிலில் மூன்று மணி நேரம். பிறகு புல்மேடுகளுக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை. வழியெல்லாம் மனிதர்களைவிட மாடுகளே அதிகம் கண்ணில் படுகின்றன. க்ரூஸ் மாவட்டம் பிரான்ஸிலேயே ஜனத்தொகை மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. அதே பெயருள்ள சின்ன ஆறு ஒன்று பாறைகளுக்கிடையே ஓட, அதன் இரு கரையிலும் கருங்கல் வீடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது ஓபுஸோன். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். ஒரு கல் பாலம், ஒரு மணிக்கூண்டு, மேட்டின் மேல் 17-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட கோட்டையின் மிச்சம். நம்மூர் கணக்கில் பெரிய கிராமம். ஆனால் கம்பளம், திரைச்சீலை என்று பேச ஆரம்பித்தால் உலகில் எங்கேயும் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நாங்கள் கூடியவர்கள் எட்டுப் பேர். ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து, நார்வே, மெக்ஸிகோ, கனடா, ஜெர்மனி, ஜப்பான் என்று ஆளுக்கொரு திசை. சண்டிகரிலிருந்து நான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, மருத்துவமனை நர்ஸ், கல்லூரியில் நெசவு சொல்லித் தருகிறவர், தறிதான் பிழைப்பு என்று இருப்பவர் என எல்லாத் தரப்பும் உண்டு. வெளிநாடுகளில் இப்படிக் கூடுவதை ‘ரிட்ரீட்’ என்கிறார்கள். தியானமோ உபதேசமோ கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பழைய கல் வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நெய்வது. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேசுவது. அவ்வளவுதான்.

கூடத்தில் ஒரு தறியில் பொதுவான பாவு ஏற்றியிருந்தது. எட்டுப் பேரும் முறை போட்டுக்கொண்டு அதில் ஆளுக்கு ஒரு சாண் நெய்ய வேண்டும். விதி ஒன்றே ஒன்று. முன்னால் நெய்தவர் எந்த வண்ணத்தில் நிறுத்தினாரோ அந்த வண்ணத்தில்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும்.

துணியே சித்திரம்

டேபஸ்ட்ரி என்ற சொல்லைச் சுவரில் தொங்கும் எந்தச் சித்திரத் துணிக்கும் பயன்படுத்துகிறார்கள். நார்மண்டியில் உள்ள புகழ்பெற்ற பேயூ டேபஸ்ட்ரிகூட உண்மையில் டேபஸ்ட்ரி அல்ல. லினன் துணிமேல் ஊசியால் போட்ட பூவேலை. நெசவாளர்களின் கணக்கு வேறு. சாதாரணத் துணியில் ஊடைநூல் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடும். டேபஸ்ட்ரியில் அப்படி ஓடாது. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே சிவப்பு நூல் திரும்பிவிடும். பக்கத்திலிருந்து நீலம் வந்து அதே இடத்தில் திரும்பும். ஒவ்வொரு வண்ணத் திட்டுக்கும் தனியாக ஒரு நூல்குச்சி. ஊடையை நெருக்கித் தட்டி இறுக்குவதால் பாவு முழுக்க மறைந்துவிடும். துணியை நெய்து முடித்த பிறகு அதன் மேல் போடுவதல்ல இந்தச் சித்திரம். இரண்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஓர் இழையை உருவினால் படத்திலும் ஒரு கோடு போய்விடும்.

இதைக் கேட்டதும் இந்தியர்களுக்கு வேறு சில துணிகள் நினைவுக்கு வரும். காஷ்மீரின் கனி சால்வை இந்த முறையில்தான் நெய்யப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பைத்தானிப் புடவையில் முந்தானை மயில் இப்படித்தான் உருவாகிறது. வட இந்தியாவின் பஞ்சா ஜமக்காளத்தில் இரும்பு நகம் போன்ற கருவியால் ஊடையைத் தட்டிப் பாவை மறைப்பதும் இதே குடும்பம். காஞ்சிபுரத்தில் கரை நூலையும் உடல் நூலையும் கோர்வை போட்டு இணைக்கும் கையும் இதற்குத் தூரத்து உறவுதான்.

நான் கொண்டுபோன கனித் துண்டு ஒன்று முதல் நாள் இரவு மேஜையைச் சுற்றி வந்தது. எட்டு பேரில் ஒருவர் விடாமல் அதைத் திருப்பித்தான் பார்த்தார்கள். கனி நெசவுக்கு ஓவியம் எதிரே இருக்காது என்று நான் சொன்னதும் சத்தம் அடங்கியது. ‘தாலீம்’ என்ற குறியீட்டு ஏடுதான் ஆதாரம். எந்த வண்ணம், எத்தனை பாவு நூல் என்று அதில் எழுதியிருக்கும். அதை வாசித்து வாசித்துக் குச்சிகளை நுழைத்துப் பூ வரவழைப்பார்கள். “இசைக்குறிப்பு மாதிரி” என்றார் ஜெர்மன்காரர். “எழுதினவர் யார்?” என்று உடனே கேட்டார் நார்வேப் பெண்மணி. நான் சொன்ன பதில்: அந்த ஏட்டை எழுதுகிறவருக்குத் தனிப் பெயரே உண்டு, ‘தாலீம் குரு’ என்பார்கள், நெய்கிறவர் பெயர் சால்வையோடு போவதில்லை. அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியது அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடித் துண்டு வழியே

மறுநாள் ஒரு பட்டறைக்குப் போனோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் எங்களுக்கு வழிகாட்டி. ஓபுஸோன் தறி படுக்கை வாட்டிலானது. நம் கைத்தறியைப் போலவே காலடியில் மிதிகட்டை. மிதித்தால் பாவு இரண்டாகப் பிரியும். ஆனால் பறக்கும் நாடா கிடையாது. பருத்திப் பாவுக்குள் கம்பளி சுற்றிய சிறு மரக்குச்சிகளை விரலாலேயே நுழைத்து எடுக்கிறார்கள். பிறகு நகத்தாலும் சீப்பாலும் இறுக்குகிறார்கள். பெரிய தறியில் மூன்று நான்கு பேர் ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து நெய்யலாம்.

பாவுக்கு அடியில் ஓவியத்தின் முழு அளவு நகல் விரித்திருக்கும். ‘கார்ட்டூன்’ என்பது அதன் பெயர். சிரிப்புப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நூல்களின் இடுக்கு வழியே அதைக் குனிந்து பார்த்தபடி நெய்ய வேண்டும். பின்பக்கத்திலிருந்து நெய்வதால் நகலில் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறியிருக்கும். போதாக்குறைக்குப் பல சமயம் படம் பக்கவாட்டில் படுத்தும் கிடக்கும். நிற்கும் மனிதனைத் தறியில் காதிலிருந்து காதுக்கு நெய்கிறார்கள். முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க ஒரே வழி, சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பாவுக்கு அடியில் நீட்டி உள்ளங்கை அளவு பார்ப்பது.

இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில்தான் கையின் திறமை தெரிகிறது. ஒன்றின் பற்கள் மற்றொன்றுக்குள் நீண்டு போகும்படி நெய்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மூன்றாவது வண்ணம் ஒன்று தெரியும். அப்படி ஒரு நூல் அங்கே இருக்காது. பல் எவ்வளவு நீளம், எத்தனை வரிக்கு ஒன்று என்பதை ஓவியர் வரைந்து தருவதில்லை. அது நெய்பவரின் முடிவு. தேர்ந்த கை ஒன்று மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர் நெய்யும். அந்த ஒரு சதுர மீட்டருக்குள் இப்படி ஆயிரக்கணக்கான முடிவுகள்.

பட்டறைச் சுவரில் பழைய டேபஸ்ட்ரி ஒன்று தொங்கியது. நீலம் பூத்த காடு. அம்மாள் அதன் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். பின்னால் அடர்ந்த பச்சை. மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துப்போகும். அதோடு கலந்திருந்த நீலம் மட்டும் மிஞ்சும். பழைய டேபஸ்ட்ரிகளில் காடுகள் நீலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். நெய்த நாளின் வண்ணம் பின்பக்கத்தில்தான் பத்திரமாக இருக்கிறது.

அரசரும் அகதிகளும்

இந்தக் கலை இங்கே எப்படி வந்தது என்பதற்கு ஊரில் கதைகள் உண்டு. 8-ம் நூற்றாண்டில் போரில் தோற்றுச் சிதறிய அரபு வீரர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பது ஒன்று. 15-ம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான பூர்கனேஃபில் சிறைவைக்கப்பட்டிருந்த துருக்கிய இளவரசர் செம் கொண்டுவந்தார் என்பது மற்றொன்று. இளவரசர் அங்கே இருந்தது நிஜம். தறி கொண்டுவந்தது கதை. ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்த நெசவாளர்கள் மூலம் பரவியது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். கம்பளி, சாயம் அலசச் சுத்தமான ஆற்று நீர், குளிர்காலத்தில் வேறு வேலையில்லாத கைகள், இவை மூன்றும் இங்கே இருந்தன.

1665-ல் 14-ம் லூயியின் அமைச்சர் கோல்பேர் காலத்தில் ஓபுஸோன் பட்டறைகளுக்கு ‘அரச உற்பத்தி’ என்ற அந்தஸ்து கிடைத்தது. இருபதே ஆண்டில் அதே அரசர் பிராட்டஸ்டன்ட்டுகளுக்கு இருந்த மதச் சுதந்திரத்தை ரத்து செய்தார். 1685-க்குப் பிறகு ஓபுஸோன் நெசவாளர்களில் பலர் ஜெர்மனிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் ஓடிப்போனார்கள். தறியைச் சுமக்க முடியாது. கையைச் சுமந்துகொண்டு போனார்கள். பெர்லினில் டேபஸ்ட்ரிப் பட்டறைகள் தோன்றியது அப்படித்தான்.

அடுத்த நூற்றாண்டில் வேறு வகைச் சோதனை. 1734-ல் போவே நகரின் அரச பட்டறைக்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஊத்ரி, டேபஸ்ட்ரி என்பது எண்ணெய் ஓவியத்தை அச்சாக ஒத்திருக்க வேண்டும் என்றார். பாரிஸின் கோப்லேன் பட்டறை நெசவாளர்கள் அவரோடு மோதினார்கள். ஓவியத்துக்குத் தூரிகையின் கணக்கு, துணிக்கு நூலின் கணக்கு என்பது அவர்கள் வாதம். வென்றது ஓவியர். சாயங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. நெசவாளி நகல் எடுப்பவரானார்.

அதை மாற்றியவரும் ஓர் ஓவியர்தான் என்பது வேடிக்கை. ழான் லூர்ஸா 1939-ல் அரசாங்கப் பணியாக ஓபுஸோனுக்கு வந்தார். ஆங்கர்ஸ் நகரில் 14-ம் நூற்றாண்டு ‘வெளிப்பாடு’ டேபஸ்ட்ரியைப் பார்த்து வியந்திருந்தவர் அவர். 100 மீட்டருக்கு மிஞ்சியிருக்கும் அந்தப் பிரம்மாண்டத்தில் வண்ணங்கள் சொற்பம், நூல் முரடு. லூர்ஸாவும் வண்ணங்களைச் சில பத்துகளாகக் குறைத்தார். கார்ட்டூனில் வண்ணம் தீட்டுவதற்குப் பதிலாக எண்களை எழுதினார். எண்ணுக்கு எந்த நூல் என்று பட்டறையோடு முன்கூட்டியே பேசிக்கொண்டார். காஷ்மீரின் தாலீம் ஏட்டுக்கு இது அண்ணன் தம்பி முறை. மூடப்படும் நிலையில் இருந்த பட்டறைகள் பிழைத்தன. 1957-ல் அவர் தொடங்கிய ‘உலகின் பாடல்’ பத்துத் துண்டுகளாக 80 மீட்டர் நீளம். 1966-ல் அவர் இறந்தபோது தொடர் முற்றுப்பெறவில்லை. இன்றும் ஆங்கர்ஸில் அது லூர்ஸாவின் பெயரில்தான் தொங்குகிறது.

இன்னொரு உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. கவென்ட்ரி தேவாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் 23 மீட்டர் உயரத்தில் இயேசுநாதர் வீற்றிருக்கிறார். கிரஹாம் சதர்லேண்ட் வரைந்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது நெய்யப்பட்டது ஓபுஸோனுக்குப் பக்கத்து ஊரான ஃபெல்தேனில், ஒரே துண்டாக. 1962-ல் தேவாலயம் திறக்கப்பட்டபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பலகையில் வரிசையாக உட்கார்ந்து அதை நெய்தவர்களின் பெயரைக் கேட்டால் எங்கள் மேஜையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள்.

மேஜையில் நடந்த சண்டை

மூன்றாம் நாள் இரவு அதுவே சண்டையாகிவிட்டது. ஓபுஸோனில் நெய்து முடித்த டேபஸ்ட்ரியின் பின்பக்கத்தில் சின்னத் துணிப்பட்டை ஒன்றைத் தைப்பார்கள். ‘பொல்துக்’ என்று பெயர். தலைப்பு, அளவு, எத்தனையாவது பிரதி, பட்டறையின் பெயர், ஓவியரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு கார்ட்டூனிலிருந்து 8 பிரதிகள்வரைதான் அசல் என்று ஏற்கப்படும். ஆகவே அந்தப் பட்டைதான் அதன் பிறப்புச் சான்றிதழ். நெய்த கைகளின் பெயர் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நார்வேப் பெண்மணிக்கு அது பொறுக்கவில்லை. அவர் நாட்டில் ஹன்னா ரிக்கன் என்றொருவர் இருந்தார் (1894-1970). பண்ணை வீட்டில் ஆடு வளர்த்து, அதன் ரோமத்தைத் தானே நூற்று, செடிகளிலும் பாசிகளிலும் சாயம் எடுத்து, நீலச் சாயத்துக்காக விருந்தாளிகளின் சிறுநீரைக்கூடக் கேட்டு வாங்கிச் சேர்த்து நெய்தவர். கார்ட்டூன் இல்லை, மனதிலிருந்து நேரே தறிக்கு. எத்தியோப்பியா மீது முசோலினி படையெடுத்ததைக் கண்டித்து அவர் 1935-ல் நெய்த டேபஸ்ட்ரி, 1937 பாரிஸ் கண்காட்சியில் தொங்கியது. “வரைந்தவரும் நெய்தவரும் ஒருவரே என்றால் கேள்வியே எழாது. ஓவியருக்காக நெய்வதை நாம் நிறுத்த வேண்டும்” என்றார் அவர்.

கனடாக்காரர் எகிப்துக்குப் போய் வந்தவர். கெய்ரோவுக்கு அருகே ஹர்ரானியா கிராமத்தில் கட்டடக்கலைஞர் ராம்சேஸ் விஸ்ஸா வாஸெஃப் 1950-களின் தொடக்கத்தில் கிராமத்துக் குழந்தைகளைத் தறியில் உட்கார்த்தினார். முன் வரைந்த படம் கூடாது, வெளிக்கலையைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது, பெரியவர்கள் குறை சொல்லக் கூடாது என்பவை அவர் வைத்த விதிகள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து தங்கள் பெயரிலேயே உலகக் காட்சிக்கூடங்களுக்குப் போனார்கள். ஸ்விட்சர்லாந்தின் லோசானில் 1962 முதல் 1995வரை நடந்த டேபஸ்ட்ரி பியனாலேயும் இதே திசையில்தான் போனது. முதல் காட்சிக்கு வந்த போலந்தின் மக்தலேனா அபகனோவிச் போன்றவர்கள் கார்ட்டூனையே தூக்கி எறிந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓபுஸோன் அம்மாள் கடைசியில் வாய் திறந்தார். அவர் சொன்னதன் சாரம்: பெரிய டேபஸ்ட்ரியில் நான்கு பேர் நெய்தால் எங்கே ஒருவர் கை முடிந்து மற்றவர் கை தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை மோசம். தன்னைக் காட்டாமல் இருக்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. தனியாக நெய்கிற கலைஞருக்கு 23 மீட்டர் இயேசுவை நெய்ய முடியாது. அதற்குப் பட்டறை வேண்டும், பட்டறைக்கு ஆர்டர் வேண்டும். பெயர் அடுப்பெரிக்காது.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓபுஸோன் பிழைத்தது ஆர்டர்களால்தான். 2009-ல் யுனெஸ்கோ இந்த நெசவை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1884-ல் தொடங்கிய கலைப்பள்ளியின் கட்டடம் 2016-ல் ‘டேபஸ்ட்ரி நகரம்’ என்ற பெயரில் அருங்காட்சியகமாகவும் நெசவுக் கூடமாகவும் திறக்கப்பட்டது. ஆனால் தறிகளைச் சூடாக வைத்திருப்பது 2017-ல் தொடங்கிய டோல்கீன் திட்டம் போன்றவை. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதியவர் தீட்டிய படங்களிலிருந்து டேபஸ்ட்ரிகளும் கம்பளமும். அடுத்து ஜப்பானியக் கார்ட்டூன் பட மேதை மியாஸாகியின் காட்சிகள். அதில் முதலாவதை 2022-ல் தறியிலிருந்து இறக்கினார்கள். இளைஞர்கள் கூட்டமாகப் பார்க்க வருகிறார்கள். அதில் சிலர் நெசவு கற்கவும் சேர்கிறார்கள்.

அம்மாளுக்குப் பதில் சொன்னது மெக்ஸிகோக்காரர். எங்களில் தறியை மட்டுமே நம்பிப் பிழைப்பவர் அவர்தான். “டோல்கீன் பெயரால் ஆர்டர் வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெயர்தானே அடுப்பெரிக்கிறது? உங்கள் பெயரால் ஏன் வரக் கூடாது?” அம்மாள் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

சண்டிகர் சுவர்கள்

எனக்கு அப்போது என் ஊர் நினைவு. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே டேபஸ்ட்ரியை ‘நாடோடிச் சுவரோவியம்’ என்று அழைத்தவர். வாடகை வீட்டில் வாழும் நவீன மனிதன் சுவரில் ஓவியம் தீட்ட முடியாது. சுருட்டி எடுத்துக்கொண்டு போகும் ஓவியம்தான் அவனுக்குச் சரி என்பது அவர் கட்சி. அவருடைய கார்ட்டூன்கள் பல ஓபுஸோனில் நெய்யப்பட்டன. சண்டிகர் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது அறைகளுக்கும் அவரே ராட்சச டேபஸ்ட்ரிகளை வடிவமைத்தார். அழகு ஒரு காரணம். வெறும் கான்கிரீட் அறையில் எதிரொலியை அடக்குவது மற்றொன்று. அவற்றை நெய்தவை இந்தியத் தறிகள்.

நீதிமன்றக் கட்டடம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வழிகாட்டிகள் லெ கார்பூசியேயின் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறார்கள். அத்தனை சதுர மீட்டர் கம்பளியை இழை இழையாகத் தட்டி இறுக்கிய கைகள் யாருடையவை என்று எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது சண்டிகரின் குறை மட்டும் அல்ல. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியை நம்பி 35 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது: காஞ்சிபுரம், பைத்தன், காஷ்மீர். டிசைனரின் பெயர் விலைச்சீட்டில் இருக்கிறது. கடையின் பெயர் பையில் இருக்கிறது. தேசிய விருது பெறும் சிலரைத் தவிர, நெய்தவர் பெயர் எதிலும் இல்லை. பெயர் என்ன, கூலி உயர்ந்தால் போதாதா என்று கேட்கலாம். இரண்டும் தனித்தனி அல்ல. யார் நெய்தது என்று தெரியாத பொருளுக்கு, இன்னும் மலிவாக நெய்ய வேறொருவர் எப்போதும் கிடைப்பார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தறியில் உட்காராமல் கம்பெனி வேலைக்குப் போவதற்குக் கூலி ஒரு காரணம். பொழுதெல்லாம் உழைத்தும் அப்பா யார் என்று ஊருக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

கத்தரிக்கோல்

கடைசி நாள் பொதுத் தறியில் அறுப்பு. ஓபுஸோனில் அது சின்னத் திருவிழா. ஆர்டர் கொடுத்தவர், ஓவியர், பட்டறைக்காரர்கள் கூடி நிற்க, பாவு நூல்களைக் கத்தரிப்பார்கள். எங்களிடம் ஆர்டர் கொடுத்தவர் யாரும் இல்லை. ஓய்வு பெற்ற அம்மாளிடமே கத்தரிக்கோலைக் கொடுத்தோம். கொத்துக் கொத்தாகப் பாவு விடுபட்டு, எட்டுச் சாண் துணி தரையில் விரிந்தது.

உண்மையைச் சொன்னால் அதிசயம் ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரரின் சாம்பல் கடல் ஜப்பான்காரரின் கறுப்பில் முட்டி நின்றது. என் மஞ்சள் கொஞ்சம் தூக்கல். ஆனால் மெக்ஸிகோக்காரரின் சிவப்பு நார்வேப் பெண்மணியின் பழுப்புக்குள் பல் பல்லாக இறங்கிய ஒரு விரற்கடை இடத்தில், எங்கே ஒரு கை முடிந்து அடுத்த கை தொடங்கியது என்று அவர்களாலேயே காட்ட முடியவில்லை. அம்மாள் அந்த இடத்தில் விரலை வைத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையிலிருந்து வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றை எடுத்தார். பட்டறையில் பொல்துக் தைக்கும் அதே பட்டை. எட்டுப் பேரும் அவரவர் எழுத்தில் பெயர் எழுதினோம். ஒன்பதாவதாக ஒரு வரி இடம் விட்டு, அறுத்தவர் என்று அவரையும் எழுதச் சொன்னோம். முப்பது ஆண்டுத் தொழிலில் பொல்துக்கில் தன் பெயரை எழுதுவது இதுதான் முதல் முறை என்றார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

துணி ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் ஆண்டு இருப்பதாக ஏற்பாடு. ஆகச் செலவு, வாடகையும் கம்பளியும் போக, ஒரு முழம் பட்டை. காஷ்மீரில் சால்வையின் ஓரத்திலும் காஞ்சிபுரத்தில் முந்தானையின் பின்பக்கத்திலும் அதே ஒரு முழம் தைப்பதற்கு அரசாணை தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் மனது வைத்தால் போதும். வாங்குகிறவர் எப்போதாவது துணியைத் திருப்பிப் பார்ப்பார். அன்று அங்கே ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும்.